சம்பங்கியின் இருமல்

சம்பங்கியின் இருமல் ஒரு புதன்கிழமை காலையில் அவரை விட்டுப் போய், சாம்பியன் ரீப்ஸ் சுரங்க மியூசியத்தில் நின்றிருந்த பிளாஸ்டர் பொம்மைக்கு வந்துவிட்டது. அன்று ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் தக்காளி கிலோ பதினெட்டு ரூபாய், பீன்ஸ் கிட்டவே போக முடியாத விலை. மியூசியத்து வாட்ச்மேன் திலீப் கதவைத் திறந்தபோது உள்ளே யாரோ இருமுவது கேட்டு, திருடன்தான் என்று கம்பை எடுத்துக்கொண்டு ஓடினான். மாதிரிச் சுரங்கத்துக்குள் டிரில்லிங் மெஷினைத் தோளில் அணைத்தபடி நின்ற பொம்மை, இருமி முடித்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. திலீப் கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து அதன் காலடியில் வைத்தான். வேறு என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

அதே நேரத்தில், மைதானத்துக்கு அந்தப் பக்கம் சுரங்கத் தொழிலாளிகளின் லைன் வீட்டில், சம்பங்கியின் மனைவி சுந்தரி சத்தமில்லாததால் கண் விழித்தாள். பதினெட்டு வருஷமாக அந்த வீட்டில் விடிவதே இருமலோடுதான். அவள் எழுந்து உட்கார்ந்து, அவர் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். மூச்சு சீராக வந்தது. அவர் கண்ணைத் திறந்து, "இன்னாடி, செத்துட்டேன்னு பாத்தியா?" என்றார். ஒரே மூச்சில், நடுவில் நிற்காமல் கேட்டார். அப்படி அவர் ஒரு முழு வாக்கியம் பேசிக் கேட்டு எத்தனையோ காலமாகியிருந்ததால் சுந்தரி அழுதாள்.

நடந்தது இதுதான். சுரங்கம் மூடிப் பல வருஷம் தங்க வயலை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பிறகு பெங்களூர்க்காரர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கார் போட்டுக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். வெள்ளைக்காரன் காலத்துக் கிளப், சர்ச், சுரங்கத்துக்குள் ஆள் இறக்கிய துருப்பிடித்த ஷாஃப்ட் கோபுரம், அப்புறம் தங்கம் பிரித்தபின் மிஞ்சிய மணலைக் கொட்டிக் கொட்டி மலையாகிப்போன சயனைடு மேடு. மேட்டின் மேல் ஏறி நின்று படம் பிடித்துக்கொண்டு, பிரியாணி தின்றுவிட்டுப் போவார்கள். பெங்களூரில் உள்ள ஒரு பல்கலைக்கழகம், இவ்வளவு கூட்டம் வருகிறதே என்று, காலியாகக் கிடந்த பழைய ஸ்டோர் கொட்டகையை வாடகைக்கு எடுத்து மியூசியமாக்கியது. ராபர்ட்சன்பேட்டை ஜவுளிக் கடைக்காரர் மகள் மமதா அந்தப் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்ததால் பொறுப்பு அவளுக்கு வந்தது. பொம்மை செய்ய நகரத்து ஓவியக் கல்லூரியிலிருந்து லாய்ட் வந்தான். அவனுடைய தாத்தாவும் சாம்பியன் ரீப்ஸில் ஃபோர்மேனாக இருந்தவர்தான். இருபத்து மூன்று வருஷம் நிலத்தடியில் பாறை துளைத்த சம்பங்கியின் தோளைப் பார்த்ததும் லாய்ட் வேறு ஆள் தேடவில்லை.

முகத்திலும் மார்பிலும் பிளாஸ்டர் அப்பி, மூக்கில் இரண்டு குழாய் செருகி, அசையாமல் நிற்கச் சொன்னான். பிளாஸ்டர் இறுகும் நேரத்தில் சம்பங்கிக்கு இருமல் கிளம்பியது. லாய்ட் கெஞ்சினான்: "அங்கிள், ரெண்டே நிமிஷம், இருமாதீங்க, எல்லாம் உடைஞ்சிடும்." சம்பங்கி அதை அப்படியே நெஞ்சுக்குள் பிடித்து நிறுத்தினார். அச்சைக் கழற்றியபோது உட்புறம் பேக்கரி ரொட்டி போலச் சுடச்சுட இருந்தது என்று லாய்ட் பிறகு சொன்னான். பொம்மை திறப்பு விழாவுக்குத் தயாராகி, ஹெல்மெட்டும் விளக்கும் மாட்டி நிறுத்திய மறுநாள்தான் அந்தப் புதன்கிழமை.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். பாறைத் தூசி படிந்து சுண்ணாம்பு அடித்த மாதிரி இருந்த நுரையீரல் கண்ணாடி போலத் தெரிந்தது. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். சேதி பரவி, பழைய தொழிலாளிகள் லாய்ட் தங்கியிருந்த வீட்டு வாசலில் வரிசை கட்டினார்கள். அவன் இரக்கப்பட்டவன். கையிலிருந்த பிளாஸ்டர் தீரும்வரை எல்லோருக்கும் அச்சு எடுத்தான். எல்லோரும் இருமலை அடக்கிப் பார்த்தார்கள். ஒரு பொம்மைகூட இருமவில்லை. அடுத்த வீட்டு முனியப்பன், சம்பங்கியோடு சுரங்கத்துக்கு ஒரே கேஜ் கூண்டில் ஏறி இறங்கியவர், மூன்று தடவை அச்சுக்கு நின்றார். மழைக்காலம் முடிவதற்குள் போய்ச் சேர்ந்தார். அவருடைய மூன்று பொம்மைகளையும் அவர் வீட்டார் கொல்லையில் வைத்திருக்கிறார்கள். துணி காயப்போட வசதியாக இருக்கிறது.

இப்படி மீண்டு வந்த மூச்சை வைத்துக்கொண்டு சம்பங்கி என்ன செய்தார் என்றால், நடந்தார். மாரிகுப்பம் ஸ்டேஷன் வரை நடந்து போய் டீ குடித்துவிட்டு நடந்தே திரும்பினார். மீசைக்கு மை போட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் பெங்களூர்ப் பிள்ளைகளைச் சயனைடு மேட்டில் ஏற்றிவிட்டு, மேலேயிருந்து ஒவ்வொரு ஷாஃப்டாகக் கை நீட்டிக் காட்டினார். கீழே மியூசியத்தில் இருமும் பொம்மையைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் அவர் முகத்தையே உற்றுப் பார்த்து, "அது நீங்கதானா?" என்று கேட்பார்கள். "அது வேற ஆளு" என்பார் சம்பங்கி. அந்த மியூசியத்துக்குள் அவர் காலெடுத்து வைக்கவே இல்லை. மைதானத்தைக் குறுக்கே கடந்தால் ஐந்து நிமிஷத்தில் பஜார். அவர் ஸ்டேஷன் ரோட்டைச் சுற்றிக்கொண்டு போனார்.

சுந்தரி போனாள். திறப்பு விழா முடிந்த வாரம், ஊரே பார்க்கிறதே என்று அவளும் பார்க்கப் போனாள். கொட்டகை வாசலிலேயே அந்த இருமல் காதில் விழுந்தது. முதலில் சின்னச் சின்னதாகக் கமறி, பிறகு அடிவயிற்றிலிருந்து ஒன்று இழுத்துக்கொண்டு வந்து, கடைசியில் விசில் மாதிரி முடியும். ஆயிரம் பேர் இருமினாலும் அதை அவள் இனம் கண்டுகொள்வாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு கயிற்றுத் தடுப்பைத் தாண்டி உள்ளே போனாள். பிளாஸ்டர் முதுகில் கை வைத்தாள். முதுகு அதிர்ந்துகொண்டிருந்தது. மறுநாள் தைலமும் வெந்நீர்ப் பையும் எடுத்துக்கொண்டு போனாள். அன்றிலிருந்து தினமும். வீட்டுச் சமையலை முடித்துவிட்டுப் போனால் சாயந்திரம்தான் வருவாள். வருகிறவர்கள் அவளையும் சேர்த்துப் படம் எடுத்தார்கள். ஈரமான நாட்களில் பொம்மையின் மார்பில் கறுப்பாகத் திட்டுத் திட்டாகப் பூத்தது. அன்றைக்கெல்லாம் அவள் வீட்டுக்கு வரும்போது தைல வாசனை அடிக்கும். சம்பங்கி சோற்றைத் தள்ளி வைத்துவிடுவார்.

"கல்லுல போயி தைலம் தேய்க்கிற. ஊரு சிரிக்கிது."

"ஊரு சிரிக்கல. நீதான் மூஞ்சியத் திருப்பிக்கினு போற" என்றாள் சுந்தரி. "ஒரு வாட்டி வந்து பாருய்யா. உன்னோட நோவத்தான் அது தூக்கிக்கினு நிக்கிது."

"நான் தூக்குனது போதாதா? அத்தினி வருஷம்?"

"நீ மட்டுமா தூக்குன?" என்று கேட்டுவிட்டு அவள் தட்டைக் கழுவப் போய்விட்டாள். பின்னால் அவர் அந்தக் கேள்வியைப் பல தடவை நினைத்தார்.

மூன்றாம் வருஷம் பல்கலைக்கழகம் பெங்களூரில் ஒரு பெரிய மியூசியம் கட்டியது. கண்ணாடிச் சுவர், ஏசி, நாடக அரங்கு, மாடியில் காபிக் கடை எல்லாம் வைத்து. அங்கே முதல் கூடத்தில் நிறுத்துவதற்கு இந்தப் பொம்மையைக் கேட்டார்கள். மமதாவுக்கு மனசு கேட்கவில்லை. அவள் லைன் வீட்டுக்கு வந்து பெஞ்சின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, "அங்கிள், உங்க உடம்புலேருந்து எடுத்தது. நீங்க வேணாம்னா நான் இங்கியே வெச்சிக்கிறேன், மேல பேசிக்கிறேன்" என்றாள்.

சுந்தரி அடுப்படியிலிருந்து வந்து நின்றாள். "வேணாம்னு சொல்லுய்யா" என்றாள். ஒரு வாட்டி வந்து பார் என்றதற்குப் பிறகு அவள் அவரிடம் கேட்டது அது ஒன்றுதான்.

காற்று அந்தப் பக்கமிருந்து வீசினால் இருமல் மைதானத்தைத் தாண்டி லைன் வரைக்கும் கேட்கும். கேட்டவுடன் தண்ணீர்க் குழாயடியில் இருக்கிறவர்கள் எல்லோரும் சம்பங்கியைத் திரும்பிப் பார்ப்பார்கள். முனியப்பனின் பெண்சாதியும் பார்ப்பாள். அவர் அதை நினைத்துக்கொண்டார். "எடுத்துக்கினு போங்கம்மா" என்றார்.

லாரி வந்த அன்று பொம்மையை வைக்கோலும் போர்வையும் சுற்றி ஏற்றினார்கள். மரப்பெட்டிக்குள் போன பிறகும் அது இருமியது. லாரி ஆண்டர்சன்பேட்டை திரும்பும்வரை கேட்டது. சம்பங்கி அன்று மேட்டின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு இருட்டும்வரை இறங்கவே இல்லை. சுந்தரி கோபப்பட்டுக் கத்தியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவள் ராத்திரிச் சோற்றைப் போட்டுவிட்டு, மகள் இந்துவிடம் ரயில் நேரம் கேட்டாள். இந்து பெங்களூரில் ஒரு ஐடி கம்பெனிக் கேண்டீனில் கணக்குப் பார்க்கிறவள். விடியற்காலை ரயிலில் போய் ராத்திரி வீடு திரும்பும் ஆயிரக்கணக்கானவர்களில் ஒருத்தி.

அதற்குப் பிறகு வாரத்தில் இரண்டு நாள் சுந்தரியும் அந்த ரயிலில் போனாள். மகளோடு நின்றுகொண்டே பயணம். உட்கார இடம் கிடைப்பது அதிர்ஷ்டம். நகரத்து மியூசியத்தில் முதல் நாள் அவளைத் தடுத்தார்கள். உள்ளேயிருந்து இருமல் நிற்காமல் வந்துகொண்டே இருக்க, நாடகம் பார்க்க வந்தவர்கள் முணுமுணுக்க, கடைசியில் அதை அடக்க மியூசியத்துக்காரர்களே அவளைக் கூப்பிட்டு உள்ளே விட்டார்கள். ஏசிக் குளிர் பொம்மைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அது லேசாகக் கூன் போட ஆரம்பித்திருந்தது. சுந்தரி தன் பழைய ஸ்வெட்டரைக் கொண்டுபோய் அதற்குப் போர்த்தினாள். மமதா அதை எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். இரண்டு மழைக்காலம் இப்படிப் போனது. மூன்றாவதில், பங்காரப்பேட்டையில் ரயில் நின்றுபோய், கூரையில்லாத பிளாட்பாரத்தில் நனைந்து வந்தவளுக்கு ஜுரம் கண்டது. ஒரு வாரம் படுத்திருந்தாள். சம்பங்கி ரசம் வைத்துக் கொடுத்தார், நெற்றியில் துணி நனைத்துப் போட்டார். அவர் கை முரட்டுக் கை. துணியிலிருந்து தண்ணீர் வழிந்து அவள் காதுக்குள் போனது.

"அங்க யாருய்யா பாத்துப்பாங்க?" என்று கேட்டாள்.

"நீ மொதல்ல எழு. அப்பறம் பாக்கலாம்" என்றார்.

அவள் எழவில்லை.

காரியமெல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் போன பிறகு, ஒரு காலை இந்து வேலைக்குக் கிளம்பும்போது அவரும் சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். "எங்க நைனா?" என்று கேட்டவள், அவர் கையில் தைலப் பாட்டிலைப் பார்த்துவிட்டு, ஸ்டேஷனில் அவருக்கு ஒரு டிக்கெட் எடுத்தாள். ரயிலில் ஒரு பையன் எழுந்து இடம் கொடுத்தான். சம்பங்கி உட்காரவில்லை. அவருக்கு மூச்சு நன்றாக இருந்தது.

கண்ணாடிக் கூடத்தில் அதை முதல் தடவை நேருக்கு நேர் பார்த்தார். ஸ்வெட்டர் பொத்தான் போட்டபடி இருந்தது. கன்னம் ஒட்டி, கண்ணுக்குக் கீழே பை விழுந்து, அவரை விடப் பத்து வயசு கூடுதலாகத் தெரிந்தது. அவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, அதன் வாயருகே தன் வாயை வைத்து, நெஞ்சு நிறைய மூச்சை உள்ளே இழுத்தார். "குடுத்துரு. இனிமே நான் வெச்சிக்கிறேன்" என்றார். சுண்ணாம்பு வாசனைதான் வந்தது. திரும்பவும் இழுத்தார். பொம்மை அவர் முகத்திலேயே இருமியது. கொடுக்கவில்லை. கொடுத்தாலும் அதைப் பங்கு போட்டுக்கொள்ள வீட்டில் சுந்தரி இல்லை என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

பிறகு ஸ்வெட்டரைத் தூக்கி முதுகில் தைலம் தேய்த்தார். அழுத்தித் தேய்த்ததில் இருமல் அதிகமானது. கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தார். அந்தப் பெரிய இருமல் கிளம்பும்போது தொடக்கூடாது, அது விசிலாகி முடிந்து முதுகு தளரும்போதுதான் கையை வைக்க வேண்டும், மேலிருந்து கீழே போகாமல் கீழிருந்து மேலே போக வேண்டும். இதைக் கண்டுபிடிக்க அவருக்கு ஒரு மாதம் ஆயிற்று. பதினெட்டு வருஷம் ராத்திரிகளில் சுந்தரி விளக்குப் போடாமல், தூக்கக் கலக்கத்தில் அவர் முதுகில் செய்தது இது. அவள் செய்வது தெரியாமல் அவர் எத்தனையோ தடவை "தள்ளிப் போடி" என்று முழங்கையால் இடித்திருக்கிறார். அது தெரிந்த அன்று கண்ணாடிச் சுவருக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு வெகுநேரம் நின்றார். காபிக் கடையிலிருந்து இறங்கி வந்தவர்கள் சத்தம் போடாமல் சுற்றிக்கொண்டு போனார்கள்.

இப்போது அவர் தினமும் போகிறார். மீசை வெள்ளையாகிவிட்டது. கல்லூரிப் பிள்ளைகளும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் வரிசையாக வரும்போது, கைடு பெண் கன்னடத்தில் ஒரு தடவை, இங்கிலீஷில் ஒரு தடவை சொல்கிறாள்: இவர் சுரங்கத் தொழிலாளி, பக்கத்தில் இருப்பவர் அவரைப் பார்த்துக்கொள்பவர். அது நீங்கதானா என்று யாராவது கேட்டால் சம்பங்கி ஆமாம் என்கிறார். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு அடுத்த கூடத்துக்குப் போகிறார்கள். அங்கே பழைய வீணைகள் இருக்கின்றன. திங்கட்கிழமை மியூசியத்துக்கு விடுமுறை. அன்றைக்காக மமதா பக்கவாட்டுக் கதவின் சாவியை அவரிடமே கொடுத்து வைத்திருக்கிறாள்.