பட்டாளத்தாருக்கு எம்புட்டுக் கட்டில்?

மடவார் வளாகம் பகுதியில் சும்மா கிடந்த பஞ்சுக் கிடங்கை வயசான பட்டாளத்தாருக்கு விடுதியாக்கித் தர மில் முதலாளி ஸுந்தரராஜன் ஒத்துக்கொண்டது தொண்ணூத்தொண்ணாம் வருசம். "பார்த்துக்கிட நர்சம்மாவும் போடுறேன். எத்தனை கட்டில்னு மட்டும் சொல்லுங்க. இல்லைன்னா கல்யாண மண்டபமாக்கிருவேன்" என்றார். கணக்கெடுக்கிற வேலை ராஜபாளையம் முன்னாள் ராணுவத்தார் சங்கத் தலைவர், சுபேதார் இருளப்பசாமி தலையில் விழுந்தது.

மனுசர் என்ன செய்தார்? மிலிட்டரி கேன்டீன் வண்டி வந்த அன்னைக்கு, ரம் பாட்டிலுக்கு நின்ற அத்தனை பேரையும் பரேடு மாதிரி வரிசையில் நிறுத்தி, "பிள்ளைக கைவிட்டவன் எவனோ, ஒரு அடி முன்னால வா!" என்று கத்தினார். அட கூறுகெட்ட சுபேதாரே, கூட்டாளிக முன்னால எவன் வருவான்? ஒருத்தரும் அசையவில்லை. பஸ் ஸ்டாண்டில் படுத்துக்கிடக்கிற ராக்கப்பன்கூட நெஞ்சை நிமிர்த்தி, "எம் மகன் என்னைய ராசா மாதிரி வச்சிருக்கான் சார்" என்றார்.

"ஒரு கட்டிலும் வேண்டாம்னு போய்ச் சொல்லிரவாலே?" என்று சங்கச் செயலாளர் கண்ணுச்சாமியிடம் எரிந்து விழுந்தார் சுபேதார்.

கண்ணுச்சாமி சிரித்துவிட்டார். "உனக்கு வேணுமான்னு கேட்டா எவன்ணே சொல்லுவான்? அடுத்தவன் யாருக்கு வேணும்னு தனித்தனியாக் கேளுங்க."

அடுத்த மாசம் வண்டியோரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அப்படியே கேட்டார். அடேயப்பா, ஒருத்தரும் வாய் மூடவில்லை! மொக்கைச்சாமிக்கு வேணும் என்றார் வேலுசாமி. வேலுசாமிக்கு வேணும் என்றார் மொக்கைச்சாமி. ராக்கப்பன் பேரைச் சொல்லாத ஆளே இல்லை. கிடங்கு இனி நமக்குத்தான் என்று சுபேதாருக்கு ஒரே சந்தோசம்.

கடைசியாக ராக்கப்பன் வந்தார். பாட்டிலைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஸ்டூல் பக்கம் குனிந்தார்.

"கோவிச்சுக்கிடாதிய சார். உங்க பேருக்கு ஒண்ணு போட்ருங்க."

"ஏலே, யாரைப் பார்த்துச் சொல்லுத?"

"உங்க வீட்டம்மா தவறின பொறவு ராச்சாப்பாட்டுக்கு பஸ் ஸ்டாண்டு இட்லிக் கடைக்குத்தானே வாரிய. நான் அங்கனதானே படுத்திருக்கேன்."

இருளப்பசாமி கண்ணுச்சாமியைப் பார்த்தார். அவர் வண்டிச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்போ ஊருக்கே தெரியும். அவமானத்தில் சுபேதாருக்குக் காது ரெண்டும் எரிந்தது.

மறுநாள் கணக்கைக் கேட்டுக்கொண்ட ஸுந்தரராஜன் சிரித்தார். "உங்களுக்கு இந்தக் கவலை இல்லை. மகன் நல்லா வச்சிருக்கார்ல?"

'ராசா மாதிரி' என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. இம்புட்டு நாளும் சொல்லிப் பழகினதுதான். இருளப்பசாமி அதை விழுங்கினார்.

"இன்னொரு கட்டில் சேர்த்துப் போடுங்க முதலாளி" என்றார். "ராக்கப்பன் பக்கத்துல."