அந்நியர் பட்டியலில் ஒரு கதவு

ஆபீசில் அவளுக்குப் பெயர் காது. கேலிப் பெயர்தான், ஆனால் அவள் கண்டுகொள்வதில்லை. வேலையே கேட்பதுதானே! நகராட்சிக் கட்டடத்தின் நான்காவது மாடியில் ஒரு சின்ன அறை, இரண்டு திரை, ஓயாமல் ரீங்கரிக்கும் ஒரு ஏசி. ஊர் முழுக்கச் சிதறிக் கிடக்கும் மூவாயிரத்துச் சொச்சம் சென்சார்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பதற்கு அவளுக்குச் சம்பளம்.

வாயாடிகள் என்று நினைத்துவிட வேண்டாம். தொட்டியில் பாதித் தண்ணீர். தெருமுனைக் குப்பைத் தொட்டி நிறைந்துவிட்டது. பாலத்தடியில் ஈரம். அவ்வளவுதான், நாலைந்து எழுத்து. சொல்லி முடித்ததும் தூங்கப் போய்விடும். அப்படிக் கொஞ்சமாக, மெதுவாகப் பேசுவதால்தான் ஒரு சின்ன பேட்டரியை வைத்துக்கொண்டு பத்து வருஷம் ஓட்டுகின்றன. அந்த முணுமுணுப்பு பல கிலோமீட்டர் தள்ளியிருக்கும் டவருக்கும் எட்டிவிடுகிறது. சாப்பாட்டுக்குப் பிந்திய நேரத்தில் வரைபடத்தின் புள்ளிகள் ஒவ்வொன்றாக மினுக்கி அணைவதைப் பார்த்தால் அவளுக்குக் கண் சொக்கும். ஊரே தூக்கத்தில் உளறுவது போலவும், தான் தலைமாட்டில் உட்கார்ந்து கேட்பது போலவும் தோன்றும்.

அந்தச் சென்சார் பெட்டிகளில் பாதியை மாட்டியவன் அவள் தம்பி. ஏணி மேல் அவன், திரை முன்னால் அவள். எட்டு வருஷம் அப்படித்தான் போயிற்று. மாட்டியதும் மூன்று முறை சோதிக்க வேண்டும். மூடியென்றால் மூன்று முறை திறந்து மூடு, விளக்கென்றால் மூன்று முறை போட்டு அணை. "கேட்டுதா?" என்பான் போனில். மூன்றும் திரையில் விழுந்த பிறகு "கேட்டுது" என்பாள். அதைக் கேட்காமல் அவன் ஏணியிலிருந்து இறங்கியதே கிடையாது. பெட்டியின் மேல் ஒட்டிய தாளில் தேதி எழுதி, 'சோதனை' என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டுவிட்டுத்தான் மறுவேலை.

பதினான்கு மாதத்துக்கு முன்னால் அம்மா போய்விட்டாள். அன்றைக்கு அவன் மலை மேல் ஏதோ டவரில் இருந்தான், போன் கிடைக்கவில்லை. எல்லாம் முடிந்த பிறகு வந்து நின்றான். வந்திருந்த அத்தனை பேர் முன்னிலையிலும் அவள், "நீ வராமலே இருந்திருக்கலாம்" என்றாள். ஒரே ஒரு வாக்கியம். அவன் இரண்டு நாள் இருந்தான், கிளம்புகிற அன்று ஸ்டூல் போட்டு ஏறி வாசல் கதவின் மேல் எதையோ திருகிக்கொண்டிருந்தான், போய்விட்டான். வேறு ஊரில் வேறு கம்பெனியில் வேலை. அதற்குப் பிறகு ஒரு போன் உண்டா? கிடையாது. இவளும் பண்ணவில்லை. வீம்பில் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் இளைத்தவர்கள் இல்லை. 'சாப்பிட்டியா?' என்று டைப் செய்வாள், அழிப்பாள். அவன் ஞாபகம் வராத நாளே இல்லை, அதுதான் உண்மை.

இப்போது அந்நியர் பட்டியலுக்கு வருவோம். ஊர் டவர்களின் காதில் வேறு ஆட்களின் கருவிகள் பேசுவதும் விழும். டவர் அதை வாங்கி, உரியவருக்குத் தள்ளிவிடும், தபால்காரர் மாதிரி. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று இவளுக்குத் தெரியாது, உறை மட்டும்தான் தெரியும்: ஒரு நம்பர், ஒரு நேரம், எந்த டவர் பக்கம் என்று ஒரு குறிப்பு. தினமும் காலையில் முந்தின நாள் கணக்கு ஒரே பட்டியலாக வந்து விழும். அதில் 47 என்று முடியும் நம்பர் ஒன்றின் மேல் அவளுக்கு ஒரு தனிப் பிரியம் வந்துவிட்டது.

47 ஒரு நாளைக்கு இரண்டே முறைதான் பேசும். இரவு ஒன்று பத்துக்கு ஒரு தடவை, காலை பதினொன்று நாற்பதுக்கு ஒரு தடவை. அவள் வீடு இருக்கும் பக்கத்து டவர்தான். வாசல் கதவாகத்தான் இருக்கும் என்று அவளே முடிவு கட்டினாள். ஊர் அடங்கிய பிறகு வேலைக்குப் போய் மதியத்துக்கு முன்னால் திரும்புகிறவர் யார்? ரொட்டி சுடுகிறவர்! வேறு யார்? கண்ணை மூடினால் அவர் வருவார்: முழங்கை வரை மாவு, காலில் சத்தமில்லாத செருப்பு, யாரும் இல்லாத தெரு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் விடியற்காலை மூன்று மணிக்குத்தான் கதவு திறக்கும். 'பாவம், இன்னைக்காவது ரெண்டு மணி நேரம் கூடத் தூங்கட்டும்' என்று மனசார நினைத்துக்கொள்வாள். பேக்கரிக்குப் போனால் ரொட்டியைப் பார்க்க மாட்டாள், கல்லாவுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்றுதான் பார்ப்பாள். ஊரில் இப்படியும் ஒரு பைத்தியம்!

அந்தத் திங்கட்கிழமை மேனேஜர் வந்து தலையில் கல்லைப் போட்டார்.

"மேடம், புதுசா ஐநூறு தண்ணி மீட்டர் வருது. டவர்ல நெரிசல். அந்நியர் பட்டியல் மொத்தத்தையும் பிளாக் பண்ணிடுங்க. வியாழக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள."

"சார், அதுல ஏதாவது முக்கியமானதா இருந்தா?"

"யாரோடதுன்னு எழுதிக் குடுங்க, விட்டுடலாம். பேர் தெரியாத ஆளுக்கெல்லாம் நாம எதுக்கு மேடம் தபால்காரன் வேலை பாக்கணும்?"

அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் அவளுக்கு மனசு ஒப்பவில்லை. அந்தக் கதவு திறந்ததா என்று எங்கோ ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார் இல்லையா? தாயோ, மகளோ, யாரோ. திடீரென்று ஒரு நாள் ஒன்றுமே வராமல் போனால் அந்த ஆளுக்கு உயிரே போய்விடாதா? மூன்று நாளைக்குள் ரொட்டிக்காரரைக் கண்டுபிடித்தே தீருவது என்று கிளம்பினாள். அன்று சாயங்காலம் மழையில் நாலு பேக்கரி ஏறி இறங்கினாள். எல்லோரும் அவளை ஏற இறங்கப் பார்த்ததுதான் மிச்சம்.

மழை சும்மா விடுமா? செவ்வாய்க்கிழமை காய்ச்சல் அடித்துப் போட்டது. படுக்கையை விட்டு எழவில்லை. போர்வைக்குள் ரொட்டிக்காரர் வந்தார், போனார். மூவாயிரம் புள்ளிகளும் கூரையில் மினுக்கின. புதன்கிழமை சாயங்காலம் யாரோ கதவைத் தட்டுவது கனவா நிஜமா என்று புரியாமலே எழுந்து போய்த் திறந்தாள். எதிர் வீட்டு டீச்சர், கையில் சூப்பும் மாத்திரையும்.

"ரெண்டு நாளா ஆளே வெளிய வரலையே. என்ன ஆச்சு?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க வெளியூர்ல இருந்து இன்னைக்குத்தானே வந்தீங்க?"

"யாரோ சொன்னாங்கன்னு வச்சுக்கயேன்" என்று டீச்சர் சிரித்து மழுப்பினார். ஒரு மாத்திரையைப் போட வைத்து, அட்டையில் சிவப்புப் பேனாவால் 4.05 என்று எழுதினார். "அடுத்தது பத்து மணிக்கு, மறக்காதே." நாலரைக்குக் கிளம்பினார்.

வியாழக்கிழமை உடம்பு தேறாமலே ஆபீசுக்கு ஓடினாள். பட்டியலைத் திறந்தாள். திங்கட்கிழமை, ஒன்று பத்து. அன்று இரண்டாவது தடவை மட்டும் வழக்கத்தைவிட இரண்டு மணி நேரம் தாமதம். செவ்வாய்க்கிழமை 47 வாயே திறக்கவில்லை. ஐயோ, ரொட்டிக்காரருக்கு என்ன ஆயிற்று? புதன்கிழமை இரண்டு வரி இருந்தது. காலை 9.03. காலை 9.30.

மாத்திரை போட வேண்டிய நேரம் என்று கைப்பையிலிருந்து அட்டையை எடுத்தவள், சிவப்பு மையைப் பார்த்தாள். 4.05. டீச்சர் வந்து இரண்டு நிமிஷத்தில் எழுதியது. நாலரைக்குக் கிளம்பினார். 9.03, 9.30. நடுவில் ஏழு மணி நேரம்.

அட்டையைக் கீழே வைத்தாள். பட்டியலைத் தயாரிக்கும் சர்வர் இருப்பது ஏழு மணி நேரம் பின்தங்கிய ஏதோ ஒரு நாட்டில். ஊர்க் கருவிகளின் நேரத்தையெல்லாம் உள்ளூர் நேரமாக மாற்றிக் காட்டும்படி மூன்று வருஷத்துக்கு முன்னால் எழுதி வைத்தது யார்? இவளேதான். அந்நியர் பட்டியலை யார் பார்க்கப் போகிறார்கள் என்று அதை மட்டும் அப்படியே விட்டதும் இவளேதான். ஒன்று பத்தோடு ஏழைக் கூட்டினால் எட்டு பத்து: அவள் வேலைக்குக் கிளம்பும் நேரம். பதினொன்று நாற்பதோடு கூட்டினால் ஆறு நாற்பது: அவள் வீடு திரும்பும் நேரம். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மார்க்கெட். திங்கட்கிழமை பேக்கரி பேக்கரியாக அலைந்ததில் இரண்டு மணி நேரம் தாமதம்.

மாவு கை ரொட்டிக்காரர் மெல்லக் கரைந்து போனார். அந்த ஆளில்லாத தெருவில் இவளேதான் பையை மாட்டிக்கொண்டு நடந்துகொண்டிருந்தாள்.

மணி நாலே முக்காலுக்கு மேனேஜர் எட்டிப் பார்த்தார். "முடிஞ்சுதா மேடம்?"

"ஒண்ணே ஒண்ணு மட்டும் விடணும் சார்."

"யாரோடது?"

உரிமையாளர் என்ற கட்டத்தில் அவள் ஏற்கெனவே எழுதிவிட்டிருந்தாள். மேனேஜர் குனிந்து படித்தார்: 'என் தம்பி.' அவள் கண்ணைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. உள்பக்கம் ஸ்டூலைப் போட்டு ஏறினாள். நிலையின் மேல் விளிம்பில், தூசி படிந்து, தீப்பெட்டி அளவில் ஒரு வெள்ளைப் பெட்டி. பதினான்கு மாதமாகத் தலைக்கு மேலேயே இருந்திருக்கிறது! டீச்சரிடம் சொன்ன அந்த 'யாரோ' இதைப் பார்த்துக்கொண்டிருந்தவன்தான். ஊரையே கேட்கிற காதுக்கு இது கேட்கவில்லை. ஒட்டியிருந்த தாளை விரலால் துடைத்தாள். தம்பியின் கோணல் எழுத்தில் அவன் கிளம்பிய நாளின் தேதி. பக்கத்தில் 'சோதனை' என்ற கட்டம் காலியாக இருந்தது. அன்றைக்கு அவன் யாரிடம் போய் "கேட்டுதா?" என்று கேட்பான்?

கதவு வெளிப்பக்கம் திறக்கிற கதவு. ஸ்டூலில் நின்றபடியே கைப்பிடியைப் பிடித்துத் தள்ளினாள், இழுத்து மூடினாள். மறுபடி திறந்து மூடினாள். மூன்றாவது முறை திறந்து, மெதுவாக மூடினாள்.

எதிர் வீட்டில் குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு கைப்பைக்குள் போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தாள்.

"கேட்டுதாடா?" என்றாள்.

"கேட்டுது, அக்கா" என்றான். "ஸ்டூல் மேலதானே நிக்கிறே? இறங்கு."