சுல்தானின் இரண்டாவது ஸ்கேன்

முதல் ஸ்கேன் முடிந்து இருபத்திரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. ஷரீஃபுன்னிசா தாராவியிலிருந்து கூண்டை மடியில் வைத்துக்கொண்டு மறுபடியும் செம்பூர் கால்நடை மருத்துவமனைக்கு வந்துவிட்டாள்.

கூண்டுக்குள் சாம்பல் நிறக் கிளி ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. இந்த வாரம் மூன்று தடவை கம்பியிலிருந்து விழுந்துவிட்டது. இதயத்திலிருந்து கிளம்பும் ரத்தக் குழாய்களில் கொழுப்பு அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சாயம் ஏற்றி எடுத்த நேற்றைய படத்தில் குழாய் எதுவுமே துலங்கவில்லை.

"மயக்கத்துல அசஞ்சு ஊசி நழுவிடுத்தா?" என்று நேற்று டாக்டர் சுரேந்திரன் கேட்டார். ஸ்கேன் எந்திரத்தை இயக்கும் மாலதி ஆமாம் என்று தலையாட்டினாள். அவ்வளவுதான்.

"ஏ புள்ள, நேத்துலேர்ந்து இவனுக்கு ஒரே ஏச்சுதான்" என்று மாலதியிடம் சொன்னாள் ஷரீஃபுன்னிசா. "இன்னைக்கும் அசஞ்சேன்னா முந்திரிப்பருப்பு கெடையாதுல சுல்தான்னுட்டேன்."

"முந்திரியாலதாம்மா இந்த நெலமையே" என்றார் டாக்டர்.

"வேற எதயும் திங்க மாட்டேங்கானே டாக்டர் சாப். எங்க வீட்டு மாப்பிள்ளைக்கிகூட இந்தக் கவனிப்பு கெடையாது."

கூண்டிலிருந்து குக்கர் விசில் சத்தம் கிளம்பிப் பாதியில் நின்றது.

"மூணு விசில் அடிப்பான். இப்பம் ஒண்ணுக்கே மூச்சு வாங்குது" என்று சொல்லி அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

உள்ளே போனதும் டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "இன்னிக்கு அசையவே கூடாது மாலதி. மயக்க மருந்தை ஜாஸ்தி பண்ணிடறேன். ஹார்ட் தாங்குமான்னு தெரியலை. படம் இல்லாம என்னன்னு வைத்தியம் பண்றது?"

ஸ்கேன் திரையில் நேற்றைய விநாடிக் கணக்கு அப்படியே இருந்தது. மாலதி அதை மாற்றினாள். ஒரு நொடிகூட ஆகவில்லை. இனி படம் தெளிவாக வரும், யாருக்கும் எதுவும் தெரியாது. ஆனால் மயக்க மருந்து கூடுதலாகத்தான் ஏறும்.

டாக்டர் கிளியைத் துண்டில் சுற்றினார். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் ஷரீஃபுன்னிசா உதட்டில் விரலை வைத்து, அசையாதே என்று சுல்தானுக்குச் சைகை காட்டிக்கொண்டிருந்தாள். டாக்டரின் கை மயக்க மருந்தைக் கூட்டும் குமிழுக்குப் போயிற்று.

"சார், திருப்பாதீங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அவன் அசையவே இல்ல சார். நேத்து இவனுக்கு முன்னால ஒரு லாப்ரடார் நாய்க்கு எடுத்தோம்ல, சாயம் ஏத்திப் பதினஞ்சு செகண்ட் கழிச்சு. அத மாத்தாமலே இவனுக்கும் எடுத்துட்டேன். கிளிக்கு ஹார்ட் வேகமா அடிக்கும்ல, அதுக்குள்ள சாயம் குழாயக் கடந்து போயிருச்சு."