தேவைக்கு மட்டும் நல்லசிவம்

திங்கட்கிழமை காலை கோகிலவாணியின் வீடு பனியன் கம்பெனியின் ஏழாவது லைன் ஆனது. அடுப்படியிலிருந்து வாசல் வரை பெல்ட் ஓடியது. துணி காயப்போடப் போகும்போது மட்டும் அதைத் தாண்ட வேண்டியிருந்தது.

கம்பெனி அதிகாரி ஒருவர் ஸ்டாப்வாட்சோடு வந்து ஃபிரிட்ஜின் மேல் ஏறி உட்கார்ந்தார். அவள் தன் கணவன் நல்லசிவத்துக்குக் காபி கொடுக்கும் நேரத்தை அளந்தார்.

"பதினோரு செகண்டுங்க. இதுல நாலு செகண்ட் அவர் மூஞ்சியப் பாக்கறீங்க. அது வேலையில சேராது."

"என்ற வீட்டுக்காரர் மூஞ்சி. நான் பாக்காம?"

"பாருங்க. டார்கெட்டுல வராது."

மறுநாளும் அவரே வந்தார். வாட்ச் பழைய முறையாகிவிட்டதாம். அவள் விரல்களில் சின்னச் சின்ன பல்புகளைக் கட்டி, கை போகும் வழியைச் சுவரில் வெளிச்சக் கோடாகப் பிடித்தார். கோடு நேராகப் போய், நல்லசிவத்தின் கழுத்தருகே ஒரு சுழி சுழித்திருந்தது.

"இங்க என்ன பண்ணுனீங்க?"

"காலர் மடங்கியிருந்துச்சு. எடுத்துவிட்டேன்."

அதிகாரி சுழியைத் துணியால் துடைத்தார். அதன்பிறகு அவள் கை அந்தப் பக்கம் போக மறுத்தது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

புதன்கிழமை கை அசைவும் பழசாயிற்று. இப்போது கையிருப்புதான் குற்றம். தேவையானபோது, தேவையான அளவு மட்டுமே வீட்டில் எதுவும் இருக்கலாம். அரிசி மூட்டையை பெல்ட்டில் ஏற்றினார்கள். அடுத்து நல்லசிவத்தை ஏற்றினார்கள். அவர் குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டே வாசலைக் கடந்து போனார்.

"அவர் வேணும்னா அட்டை எழுதி பெல்ட்டுல போடுங்க, அனுப்பிவைப்போம்," என்றார் அதிகாரி. "எதுக்கு வேணும்னு எழுதோணும்."

அவள் 'சும்மா' என்று எழுதிப் போட்டாள். அட்டை திரும்பி வந்தது.

"சும்மாங்கறது ஒரு தேவையில்லீங்க."

'பல்பு மாட்ட' என்று எழுதினாள். நல்லசிவம் வந்தார். மாட்டினார்.

"சாப்ட்டீங்களா?"

"இன்னும்..." என்பதற்குள் பெல்ட் அவரைக் கொண்டுபோய்விட்டது.

வெள்ளிக்கிழமை கூரையிலிருந்து ஒரு கயிறு தொங்கியது. குறை கண்டவர் யாரும் அதை இழுத்து லைனை நிறுத்தலாம். இதுதான் இருப்பதிலேயே புதிய முறை என்றார் அதிகாரி. யாரும் இழுக்க மாட்டார்கள் என்பதுபோல் சொன்னார்.

கோகிலவாணி 'சிலிண்டர் தூக்க' என்று எழுதிப் போட்டாள். நல்லசிவம் அடுப்படிக்கு வந்து சேர்ந்ததும் கயிற்றை இழுத்து, விடாமல் பிடித்துக்கொண்டாள். பெல்ட் நின்றது. தெருவே நின்றது.

அதிகாரி ஓடி வந்தார். லைன் நின்றால் ஐந்து முறை ஏன் என்று கேட்க வேண்டும். அது விதி.

"ஏன் நிறுத்துனீங்க?"

"இவரு இங்கயே இருக்கோணும்."

"ஏன்?"

"இல்லாட்டி சோறு எறங்க மாட்டேங்குது."

"ஏன்?"

"உப்புப் பத்தலைன்னு சொல்ல ஆளில்லை."

"ஏன்?"

"ஆளு வீட்டுல இல்லை."

"ஏன்?"

"நீங்க தூக்கிட்டுப் போயிட்டீங்க."

அதிகாரி தாளில் 'மூல காரணம்: நான்' என்று எழுதி அடிக்கோடிட்டார். பிறகு, "கயித்த விடுங்க, லைன் ஓடட்டும்," என்றார்.

"விட்டா இவரையும் கொண்டுபோயிரும். விட மாட்டேன்."

நல்லசிவம் பெல்ட்டிலிருந்து இறங்கினார்.

"கை வலிக்குதா?"

"வலிக்குது."

அவர் அவள் கைமேல் கைவைத்துக் கயிற்றைப் பிடித்தார்.

"இது ஒரு ஆள் வேலைங்க," என்றார் அதிகாரி.

"தெரியுமுங்க," என்றார் நல்லசிவம். கையை எடுக்கவில்லை.