தெஹிவளை என்றால் கடைசி ஆள்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நிதானம் போதாது, நடை சரியில்லை என்று யாரும் வந்து நிற்கக்கூடாது.

போன மாதம் கொச்சிக்கடைக் களஞ்சியத்தில் மா மூட்டை இறக்கிவிட்டுத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். புதிதாகச் சேர்ந்தவன் ஒருவன் கேட்டான்: "அண்ணே, நீங்க கோடு போட்ட அந்த ரகர் மெட்ச், கடைசியில எத்தனைக்கு எத்தனை?" இரண்டு வருடமாக எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள். எத்தனைக்கு எத்தனை. அன்றைக்கு விளையாட வராத பொடியன் எங்கே இருந்தான் என்று கேட்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

ஆகவே எழுதுகிறேன். முதலில் இப்படித் தொடங்கினேன்:

"1996ஆம் ஆண்டு ஓகஸ்ட் மூன்றாம் திகதி, சனிக்கிழமை. கொட்டாஞ்சேனை மைதானத்தின் மேலே நீல வானம்..."

வானம் நீலமா என்று எனக்குத் தெரியாது. கோடு போடுகிறவன் வானத்தைப் பார்ப்பதில்லை. வெட்டினேன்.

இரண்டாவது தொடக்கம்: "சின்னராசா நல்ல மனிதன்." அதையும் வெட்டினேன். அவன் நல்லவனா என்பது எனக்கே இன்னும் தெரியாது.

(சின்னராசா நான்தான். ஒளிக்க ஒன்றுமில்லை. ஆனால் அந்தச் சனிக்கிழமைக்குள் இருக்கும் மனிதனை 'நான்' என்று எழுதக் கை மறுக்கிறது. ஏன் என்பது ஐந்தாம் பகுதியில் வரும். அதுவரை அவன் 'அவன்'.)

2

சின்னராசாவுக்கு நாற்பத்தாறு வயதில்தான் எழுத்து வந்தது. அதுவரை வரவுப் புத்தகத்தில் பெருவிரல். ஞாயிறு பின்னேரங்களில் கோயில் மண்டபத்தில் பேர்ணடெற் மிஸ் நடத்திய வகுப்பில், தன் மகள் வயதுள்ள ஒருத்தியிடம், 'அ' வளைக்கப் படித்தான். மூட்டைக் கொக்கி பிடித்த கையில் பென்சில் நிற்கவில்லை. ஒரு வருடம் போனது. பிறகு நின்றது, நின்றபோது வடிவாக நின்றது. மூட்டை அடுக்குவதுபோல ஒவ்வொரு எழுத்தையும் சரியவிடாமல் அடுக்குவான். "அச்சில போட்ட மாதிரி இருக்கு, சின்னராசா அண்ணன்," என்றார் மிஸ். அந்தச் சொல்லை அவன் பல நாள் வாய்க்குள் வைத்திருந்தான்.

சனிக்கிழமைகளில் பள்ளிக்கூட மைதானத்துக்குச் சுண்ணாம்புத் தூளால் கோடு போடுவதும் அவன் வேலை. பதினேழு வயதுப் பொடியன்களின் ரக்பி அணி; எங்கள் வாயில் ரகர். தமிழ், முஸ்லிம், சிங்களம் எல்லாம் கலந்தது. கொட்டாஞ்சேனை எப்படியோ அணியும் அப்படி. வருடா வருடம் தவணை முடியும் சனிக்கிழமை அவர்களுக்கு ஒரே எதிரி. அந்தப் பள்ளிக்கூடத்தின் பெயரை எழுத மாட்டேன். பெரிய மைதானத்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபத்திரண்டு வருடமாக வென்று வருகிறவர்கள். நம் பொடியன்களின் அப்பாமாரும் அவர்களிடம்தான் மண் கவ்வினார்கள். அவர்களின் முன்வரிசை வருவது லொறி பின்பக்கமாக வருவது மாதிரி இருக்கும். யாரைப் பார்த்தும் நிற்காது.

3

பந்து கோட்டுக்கு வெளியே போனால் இரண்டு அணியும் இரண்டு வரிசையாக நிற்கும். ஒருவன் வெளியே நின்று பந்தை நடுவே எறிய வேண்டும். எந்த ஆளுக்கு எறியப் போகிறான் என்பதைத் தன் வரிசைக்கு மட்டும் விளங்கும்படி ஒரு சொல்லால் கத்திச் சொல்வார்கள். சொல் வராமல் எறிகிற வழக்கம் இல்லை. நம் ஆட்கள் இலக்கங்களைச் சொல்லி வந்தார்கள். பெரிய மைதானத்தார் மூன்றாம் எறிக்குள் அதைக் கண்டுபிடித்துப் பந்தைப் பறித்துக்கொள்வார்கள்.

எறிகிறவன் சிவமணி. பிறந்தது யாழ்ப்பாணம், வெள்ளவத்தையில் சித்தி நேசமலர் வீட்டிலிருந்து படித்தான். கடற்கரை ரயிலில் கோட்டைக்கு வந்து அங்கிருந்து பஸ் ஏறுவான். ஒரு நாள் அவன்தான் சொன்னான்: "சேர், ஸ்ரேசன் பேரைச் சொல்லுவமே? எல்லாருக்கும் பாடம்தானே."

கோட்டை என்றால் முதல் ஆள். கொள்ளுப்பிட்டி இரண்டாவது. பம்பலப்பிட்டி நடு. வெள்ளவத்தை அதற்கு அடுத்தது. தெஹிவளை என்றால் கடைசி ஆள். எல்லோருடைய தலைக்கும் மேலாகத் தூர எறி.

பயிற்சியாளர் சவுந்தரநாயகம் மாஸ்ரர், கோடு போட்டுக்கொண்டிருந்த சின்னராசாவைக் கூப்பிட்டார். "அண்ணை, இதை ஒரு தாளிலை தமிழிலை வடிவா எழுதித் தாங்கோ. நிலத்திலை விழுந்தாலும் அவங்களுக்கு வாசிக்க ஏலாது."*

சின்னராசா எழுதிச் சிவமணியின் கையில் கொடுத்தான். ஐந்து ஸ்ரேசன்கள், ஐந்து அம்புக்குறிகள். 'தெஹிவளை' என்பதற்கு எதிரே, 'கடைசி. தூர எறி.' வகுப்புக்கு வெளியே அவன் எழுதிய முதல் தாள் அது. மே மாதம்.

யூலை 24ஆம் திகதி தெஹிவளையில் ரயிலில் குண்டு வெடித்தது. (செத்தவர்களைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். என் கதைக்கு அவர்களை முட்டாகக் கொடுப்பது சரியில்லை. எடுத்துவிட்டேன்.) அதன் பிறகு சிவமணி ரயிலை விட்டான், பஸ்ஸில் வந்தான். அந்தத் தாளை மட்டும் ஒருத்தரும் நினைக்கவில்லை. மாஸ்ரரும் நினைக்கவில்லை, சிவமணியும் நினைக்கவில்லை, எழுதியவனும் நினைக்கவில்லை. எங்களுக்கு அது ரயிலைப் பற்றிய தாள் இல்லை. பந்தைப் பற்றிய தாள்.

* வாசிக்க ஏலாது என்பதற்காகவே ஒரு மொழியைத் தெரிவு செய்தோம். எங்களுக்கு அது விளையாட்டாக இருந்தது.

4

சனிக்கிழமை, இரண்டு மணி. நாலு மணிக்கு ஆட்டம். பெரிய மைதானத்தாரின் பஸ் ஏற்கெனவே வந்து நின்றது. சின்னராசா நடுக்கோட்டை இழுத்துக்கொண்டிருந்தான். அணித்தலைவன் ஸாலிஹ் ஓடிவந்தான். சிவமணியைக் கூட்டிவர வெள்ளவத்தைக்குப் போயிருந்தவன்.

"சின்னராசா அண்ணே, மணியப் புடிச்சிட்டாங்க! செக் பொயின்ட்ல பஸ்ஸால எறக்கினாங்க. பேக்கத் தொறந்து... அந்தக் கடதாசி, அண்ணே. ஒங்கட கடதாசி."

"நீ சொல்லலையாடா?"

"சொன்னேன். ரகர் எண்டேன், பந்து எறியிறது எண்டேன். ஒருத்தன் சிரிச்சான். என்னயப் போகச் சொல்லிட்டு அவன மட்டும் ஜீப்புல ஏத்திட்டான்."

பள்ளிக்கூட அதிபர், பொலிஸுக்குத் திங்கட்கிழமை எழுத்தில் அறிவிப்போம் என்றார். பெரிய மைதானத்து மாஸ்ரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நாலு மணிக்குத் தொடங்காவிட்டால் வெற்றி தங்களுக்கு என்றார். எறிவதற்கு வேறு பொடியன் இல்லையா என்றும் கேட்டார்.

வேறு பொடியன்! மூட்டை கிழிந்தால் வேறு மூட்டை எடுப்பதுபோல.

(இங்கே அரைப் பக்கம் திட்டியிருந்தேன். பேர்ணடெற் மிஸ் வாசித்துப் பார்த்து, "திட்டினா வாசிக்கிறவங்களுக்குக் கோவம் வராது அண்ணன், ஒங்களுக்கு மட்டுந்தான் ஆறும்," என்றார். எனக்கு ஆற வேண்டாம். எடுத்துவிட்டேன்.)

"நான் போனா இவங்களை ஆர் பாக்கிறது, அண்ணை?" என்று சவுந்தரநாயகம் மாஸ்ரர் தலையில் கைவைத்தார்.

"நான் போறேன், மாஸ்ரர். எழுதினது நான்தானே," என்றான் சின்னராசா.

5

கை கழுவாமல் போனான். அதுவும் பிழை. பொலிஸ் வாசலில் நின்றவன் வெள்ளைத் தூள் படிந்த இரண்டு கைகளையும் பிடித்து மோந்து பார்த்தான்.

உள்ளே வாங்குப் பலகையில் சிவமணி உட்கார்ந்திருந்தான். சப்பாத்தில் லேஸ் இல்லை.

"அண்ணை, எத்தினை மணி?"

"ரெண்டே முக்கால்."

"அப்ப நேரம் கிடக்கு," என்றான் பொடியன்.

சார்ஜன்ட் தாளை மேசையில் போட்டார். "மொகத மே?" இது என்ன என்று கேட்டார். சின்னராசாவுக்குத் துறைமுகத்துச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. எல்லாவற்றையும் சொன்னான். மைப் போத்தல், கோப்பை, ரப்பர் முத்திரை, குண்டூசிப் பெட்டி என்று மேசையில் கிடந்ததையெல்லாம் வரிசையாக நிறுத்தினான். கசங்கிய கடதாசி ஒன்றைப் பந்தாக உருட்டி, "தெஹிவளை!" என்று சொல்லிக் குண்டூசிப் பெட்டியின் மேல் எறிந்து காட்டினான். சரியாகப் பட்டது. மூலையில் நின்ற பொலிஸ்காரன் சிரித்தான்.

சார்ஜன்ட் சிரிக்கவில்லை. "விளையாட்டுக்கு ஏன் தமிழ்?"

"எதிரிக்கு விளங்கக்கூடாது எண்டு, மாத்தயா."

எதிரி. சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அவன் காதிலேயே விழுந்தது.

திரும்ப எழுதிக் காட்டச் சொன்னார்கள். எழுத்து மாறினால் வேறு ஆளின் எழுத்து என்று சொல்லிப் பொடியனை விட மாட்டார்கள். அதற்காகவே மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதினான். இரண்டு தாளும் ஒன்றுபோல இருந்தன. அச்சு மாதிரி.

பிறகு சார்ஜன்ட் சிங்களத்தில் வாக்குமூலம் எழுதினார். "மம" என்று முதல் சொல்லை மட்டும் வாய்விட்டுச் சொன்னார். மம என்றால் நான். மிச்சம் அரைப் பக்கத்தை வாசித்துக் காட்டவில்லை. கையெழுத்துப் போட்டால் பொடியனுக்கு நல்லது என்றார். சின்னராசா பெருவிரல் வைக்கவில்லை. கையெழுத்துப் போட்டான். பெருமையாகப் போட்டான், அதையும் எழுதிவிடுகிறேன்.

மூன்று கிழமை கழித்துச் சட்டத்தரணி ஒருவர் அதைத் தமிழில் சொன்னார்: "ரயில் நிலையங்களின் பட்டியலை நான் எழுதினேன். அம்புக்குறிகளையும் நானே போட்டேன். எதிரிக்கு விளங்காதிருக்கத் தமிழில் எழுதி சிவமணியிடம் கொடுத்தேன்."

ஒரு பொய்யும் இல்லை. பந்து மட்டும் இல்லை.

அந்த 'நான்' என்னுடையது அல்ல. அதனால்தான் அந்தச் சனிக்கிழமைக்குள் எனக்கு 'நான்' இல்லை.

சின்னராசாவையும் அன்று உள்ளே வைத்தார்கள், இரண்டாம் நாள் விட்டார்கள். அடையாள அட்டையில் பிறந்த இடம் கொழும்பு. களஞ்சிய முதலாளி ஸஹாப்தீன் ஹாஜியாரும் வந்து பொறுப்பெடுத்தார். எழுதியவன் வெளியே. சுமந்தவன், யாழ்ப்பாணத்தில் பிறந்த குற்றத்துக்காக, நாற்பத்தொரு நாள் உள்ளே. எந்த நியாயத்தில் என்று கேட்டால் —

(இந்த வாக்கியம் முடியாது. முடிக்கப் பல தரம் பார்த்துவிட்டேன்.)

வாசலில் சிவமணியின் சித்தி நேசமலர் நின்றார். "உங்களை ஆர் எழுதச் சொன்னது? எழுத்துத் தெரியாமலே இருந்திருக்கலாமே!" என்றார். இந்தத் தாள்கள் பதிலாகுமோ தெரியாது.

6

முடிவு ஒன்று: மூன்றே முக்காலுக்கு ஜீப் மைதானத்துக்குள் வருகிறது. சிவமணி குதித்து இறங்குகிறான். கடைசி நிமிடம், தெஹிவளை, தூர எறி, ஸாலிஹ் பந்தோடு விழுகிறான், இருபத்திரண்டு வருடம் முடிகிறது. (எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. அதனாலேயே நம்பவில்லை.)

முடிவு இரண்டு: பொடியன்கள் விளையாட மறுத்து நடுக்கோட்டில் உட்காருகிறார்கள். எதிரணியிலிருந்து ஒருவன் எழுந்து வந்து பக்கத்தில்

இல்லை. அப்படி ஒருத்தனும் வரவில்லை. நாலு மணிக்கு விசில் ஊதினார்கள். வேறு பொடியன் எறிந்தான். எத்தனைக்கு எத்தனை என்பது எனக்குத் தெரியும். எழுத மாட்டேன்.

7

நடந்தது இது.

செப்டெம்பரில் ஒரு சனிக்கிழமை. பருவம் முடிந்திருந்தும் பொடியன்கள் சும்மா விளையாடிக்கொண்டிருந்தார்கள். சிவமணி வந்தான். முதல் நாள்தான் விட்டிருந்தார்கள். கழுத்து மெலிந்திருந்தது. "வாடா மச்சான்," என்று ஸாலிஹ் கூப்பிட்டும் கோட்டுக்கு வெளியிலேயே நின்றான். உதைத்த பந்து ஒன்று கோட்டைத் தாண்டி உருண்டு அவன் காலடியில் நின்றது.

எடுத்தான். இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கினான். யாரும் சொல்லாமலே பொடியன்கள் இரண்டு வரிசையாக நின்றார்கள். கடைசியில் ஸாலிஹ்.

சொல் வரவில்லை. எல்லோருடைய வாயிலும் அந்த ஐந்து பெயர்களும் இருந்தன. ஒருவனும் திறக்கவில்லை. வேலிக்கு அப்பால் தெருவில் ஒரு ஜீப் போனது. அது போய் முடியும்வரை நின்றார்கள், பிறகும் நின்றார்கள்.

"சொல்லுங்கோடா," என்றான் சிவமணி. "ஆருக்கு எறியிறது?"

சின்னராசா சுண்ணாம்பு வாளியோடு அதே கோட்டில் நின்றான். அவனுக்கும் எல்லாப் பெயர்களும் தெரியும்.

இங்கே நிறுத்துகிறேன். எத்தனைக்கு எத்தனை என்று கேட்டவர்களே, வரிசைக்கு வாருங்கள். பொடியன் பந்தைத் தூக்கிப் பிடித்தபடி நிற்கிறான், கை நோகிறது. அவனுக்கு ஒரு சொல் வேண்டும். வாயைத் திறந்து, தெருவுக்குக் கேட்கும்படி சொல்லுங்கள்.

எழுதிக் கொடுக்காதீர்கள்.