பிரிஜித்தம்மா வெளிநடப்பு செய்த நாள்

உச்சிப்பிள்ளையார் அறிய, மேலப்புதூர் மாதா அறிய, இரண்டு பேருக்கும் பொதுவான காவிரி அறியச் சொல்வது: இதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. சந்தேகம் இருப்பவர்கள் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் ரோட்டில் வாழைக்காய் மண்டி வீரமலையைக் கேட்டுக்கொள்ளலாம். ஆயுள் முழுக்க எதிர்க்கட்சியில் இருந்தவர் அவர். அவருடைய கட்சியே ஆட்சிக்கு வந்தபோதும், வார்டுக்குள் எதிர்க்கட்சியாக இருந்து பார்த்துக்கொண்டார். அப்படிப்பட்ட ஆள் பொய்க்குச் சாட்சி சொல்ல மாட்டார்.

ஆகஸ்ட் முதல் வாரம். ஆடிப்பெருக்குக் கூட்டத்தில் ஸ்ரீரங்கம் பஸ்ஸெல்லாம் பிதுங்கிக்கொண்டிருந்த நாட்கள். மேலப்புதூரில், மாதா கோயில் மணி கேட்கிற தூரத்தில், முன்னறைக் கட்டிலில் சகாயம்மாள் படுத்திருந்தாள். சர்க்கரை முதலில் அவள் இரண்டு கண்ணையும் வாங்கிக்கொண்டது. அது போதாதென்று கிட்னிக்கு வந்திருந்தது. “இனிமே வீட்லயே வச்சுப் பார்த்துக்கங்க” என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். பயப்படவில்லை. மகள் பெலிண்டாவின் முகத்தை ஒரு தடவை கையால் தடவிப் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

பெலிண்டா அயர்லாந்தில் இருந்தாள். கார்க் நகரத்துப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில், யார் யாருடைய அம்மாக்களையோ குளிப்பாட்டித் தலைவாரிவிடுகிற வேலை. அங்கே தங்குவதற்கான அட்டை காலாவதியாகி, புது அட்டைக்கு எழுதிப்போட்டிருந்தாள். அது கைக்கு வருவதற்குள் ஊருக்குக் கிளம்பினால், திரும்ப உள்ளே விடுவார்களா, வேலை இருக்குமா, யாருக்கும் தெரியாது. “அடுத்த வாரம் வந்துடும்மா” என்று வீடியோவில் அழுவாள். அம்மாவுக்கு முகம் தெரியாது. சூடேறிப்போன போனைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு குரலை மட்டும் கேட்பாள். அந்த அடுத்த வாரம் சித்திரையிலிருந்து வந்துகொண்டேயிருந்தது.

சகாயம்மாள் ஒருநாள் கஞ்சியை வேண்டாமென்றாள். மறுநாளும் வேண்டாமென்றாள். மூன்றாம் நாள் சாயங்காலம் அவள் புருஷன் அற்புதசாமி, காதில் இயர்போனும் கையில் போனுமாகக் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். கல்லூரி ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்து ரிடையர் ஆனவர். இங்கிலீஷ் அவருக்குத் தண்ணீர் பட்டபாடு.

“சகாயம்! அயர்லாந்து பாராளுமன்ற சபையில நம்ம விஷயம் வந்திருக்கு!”

“எந்த விஷயம்?”

“அட்டை விஷயம்தான். நேரலையில ஓடுது. எதிர்க்கட்சிப் பொம்பள ஒருத்தங்க எழுந்து அரசாங்கத்தைக் கிழிகிழின்னு கிழிக்கறாங்க. இரு, இரு... ‘மாண்புமிகு சபாநாயகர் அவர்களே, பெத்தவ சாவு இவங்க அட்டைக்குக் காத்துக்கிட்டு இருக்குமா?’ன்னு கேக்கறாங்க.”

“அட! பேரென்ன அவங்களுக்கு?”

“பிரிஜித்.”

“நம்ம கோயில் ஆளுதானா! என்ன கட்டியிருக்காங்க?”

“பச்சைக் கோட்டு.”

“மந்திரி என்ன சொல்றார்?”

“பரிசீலனையில இருக்குங்கறார்.”

“ஐயோ, அங்கயும் பரிசீலனையா?” என்று சிரித்துவிட்டாள். சிரிக்கத் திறந்த வாயில் ஒரு ஸ்பூன் கஞ்சி போனது. சபையில் கூச்சல் அடங்குவதற்குள் அரை டம்ளர் இறங்கியிருந்தது.

அன்றிலிருந்து கோயிலில் சாயங்கால மணி அடித்ததும் அயர்லாந்து சபை கூடிவிடும். ஆளுங்கட்சிக்காரர்கள் மேசையைத் தட்டுவார்கள். சபாநாயகர் மைக்கை அணைப்பார். பிரிஜித்தம்மா மைக் இல்லாமலே பேசுவாள். ஒருநாள் மந்திரியைப் பார்த்தே கேட்டுவிட்டாள்: “உங்க அம்மாவைத் தினம் குளிப்பாட்டறது யாரு? பெலிண்டாங்கற பொண்ணு. அந்தப் பொண்ணோட அம்மாவை யாரு குளிப்பாட்டறது?” மந்திரி கர்ச்சீப்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மேசையைத் தட்ட ஓங்கிய கைகள் அப்படியே நின்றன.

“நம்ம பெலிண்டாவா அவர் அம்மாவைப் பார்த்துக்கறா?”

“ஆமா சகாயம்.”

“அந்தம்மா சாப்பிடறாங்களாமா?”

அற்புதசாமி இயர்போனைக் காதில் அழுத்திக்கொண்டார். “கஞ்சி மட்டும் குடிக்கறாங்களாம்.”

“நானும்தான் குடிக்கறேன்னு சொல்லுங்க.” அதுவும் அந்தச் சபைக் குறிப்பில் ஏறியது.

விஷயம் தெரிந்து வீரமலை ஸ்ரீரங்கத்திலிருந்து ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில், ஒரு சீப்பு பூவன் பழத்தோடு வந்து சேர்ந்தார். அற்புதசாமிக்கும் அவருக்கும் அதே பஸ்ஸில்தான் பழக்கம். வாசற்படியில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

“சார், தப்பா நினைக்காதீங்க. கேள்வி நேரத்துல கேட்டா பதில்தான் வரும், காரியம் வராது. ஒத்திவைப்புத் தீர்மானம் கொண்டு வரணும்.”

“அண்ணே, நீங்க இங்க உக்காந்து சொன்னா அவங்களுக்குக் கேக்குமா?” என்றாள் சகாயம்மாள்.

“கேக்கும் தங்கச்சி. எதிர்க்கட்சிக்காரன் மனசு எதிர்க்கட்சிக்காரனுக்குக் கேக்கும்.”

கேட்டது. மறுநாளே பிரிஜித்தம்மா ஒத்திவைப்புத் தீர்மானத்தோடு எழுந்தாள். வீரமலை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “பார்த்தீங்களா?” என்று தெருவையே கேட்டார். அனுமதி இல்லை என்றார் சபாநாயகர். அமளி. காவலர்களைக் கூப்பிட்டார்கள். பிரிஜித்தம்மா தீர்மானத்தை நாலாகக் கிழித்து வீசிவிட்டு, பின்னால் தன் கட்சிக்காரர்கள் அத்தனை பேரும் வர, சபையை விட்டு வெளியேறினாள்.

“வெளிநடப்பு! அப்படிப் போடுங்கம்மா!” வீரமலை துள்ளி எழுந்தார். “சார், இதுக்கு போஸ்டர் அடிக்காம விட்டா நான் மனுஷனே இல்ல.” செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் அச்சாபீசுக்கு ஓடினார்.

அற்புதசாமி ஸ்பூனை நீட்டினார். சகாயம்மாள் வாயைத் திறக்கவில்லை.

“வெளிய போயிட்டாங்களா?”

“கம்பீரமாப் போனாங்க சகாயம். நாடே அவங்க பக்கம்.”

“அப்ப உள்ள யாரு இருக்கா?”

அவருக்கு அது புரியவில்லை. சிறுவயதிலிருந்து பேப்பரில் படித்த வெளிநடப்பெல்லாம் அவருக்கு வெற்றிதான். வெளியே வந்து மைக் முன்னால் நின்று பேட்டி கொடுப்பார்கள், மறுநாள் கொட்டை எழுத்தில் வரும். அவர்கள் விட்டுவிட்டு வந்த நாற்காலியைப் பற்றி எந்தப் பேப்பரும் எழுதியதில்லை.

“நமக்காகக் கேக்கறதுக்குன்னு உலகத்துல ஒருத்தி இருந்தா” என்றாள் சகாயம்மாள். “அவளும் கோவிச்சுக்கிட்டு எழுந்து போயிட்டா.” சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்று கஞ்சி ஆடை கட்டி ஆறிப்போனது. மறுநாள் காலையும் அவள் வாய் திறக்கவில்லை.

அன்று சாயங்காலம் மணி அடிக்கும் முன்பே சபை கூடிவிட்டது. “திரும்பி வந்துட்டாங்க சகாயம்!” என்றார் அற்புதசாமி. “நேரா உள்ள வந்து அவங்க இடத்துலயே நிக்கறாங்க. பதில் வராம உக்கார மாட்டேன், வெளியவும் போக மாட்டேன்னுட்டாங்க.”

“நிஜமாவா?”

“நிஜமா.”

இரண்டு ஸ்பூன் இறங்கியது.

பிரிஜித்தம்மா நின்றாள். மறுநாளும் நின்றாள். மந்திரிகள் வந்தார்கள், போனார்கள், விளக்கை அணைத்துப் பார்த்தார்கள். அவள் நின்றபடியே பேசினாள். அற்புதசாமிக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. கஞ்சி இரண்டு ஸ்பூனிலிருந்து ஒன்றாகி, பிறகு உதட்டை நனைக்கிற அளவுக்கு வந்தது. பெலிண்டா கூப்பிட்டபோதெல்லாம் அடுத்த வாரம்தான் வந்தது.

மாதா திருநாளுக்கு முந்தின சாயங்காலம், நடுப்பேச்சில் அவர் குரல் உடைந்து நின்றுவிட்டது. சகாயம்மாள் கையை நீட்டித் தேடினாள். முதலில் அவர் முகம் கிடைத்தது, ஈரமாக இருந்தது. பிறகு கை கீழே இறங்கிப் போனைத் தொட்டது. பெலிண்டா ஐந்து நிமிஷம் பேசினாலே தோசைக்கல்லாகிவிடுகிற போன், இவ்வளவு நேரம் சபை நடந்தும் பானைத் தண்ணீர் மாதிரி குளிர்ந்திருந்தது. அவள் விரல்கள் அங்கேயே கொஞ்சம் நின்றன.

“என்னங்க.”

“சொல்லு சகாயம்.”

“அவங்களை உக்காரச் சொல்லுங்க.”

“பதில் இன்னும் வரலையே.”

“வர்றப்ப வரட்டும். நின்னு நின்னு கால் வீங்கியிருக்கும். எனக்காக இவ்வளவு நாள் யாரும் பேசினதில்ல. நல்லாப் பேசினாங்க. போதும், உக்காரச் சொல்லுங்க.”

அற்புதசாமி போனை வாயருகே கொண்டுபோனார். “மேடம், ப்ளீஸ் சிட் டவுன்” என்றார். பிறகு கட்டிலின் ஓரத்தில் மெதுவாக உட்கார்ந்தார். கட்டில் அசைந்தது அவளுக்குத் தெரிந்தது.

“உக்காந்துட்டாங்களா?”

“உக்காந்துட்டாங்க.”

“ஒரு வாய் தண்ணி குடிக்கச் சொல்லுங்க.”

அவர் செம்பை எடுத்து மடக் மடக்கென்று குடித்தார். அந்தச் சத்தத்தைக் கேட்டபடியே அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

திருநாள் பூசைக்கு மணி அடிக்கும்போது சகாயம்மாள் போய்விட்டாள். எதிரே ஸ்கூலில் சுதந்திர தினக் கொடியேற்றிவிட்டுப் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அடக்கத்தை பெலிண்டா போனில் பார்த்தாள். போனைப் பிடித்துக்கொண்டு நின்றவர் வீரமலை. அது கொதித்தது, அவர் கை மாற்றவில்லை. மண் போடுகிற நேரத்தில், அம்மா முகத்துக்குக் கிட்டே கொண்டுபோங்க மாமா என்று போனுக்குள்ளேயிருந்து குரல் கேட்டது. பெட்டியை அதற்குள் மூடிவிட்டிருந்தார்கள். அவர் மூடிய பெட்டிக்குக் கிட்டே கொண்டுபோய்க் காட்டினார்.

வெளிநடப்புக்கென்று அச்சாபீசில் சொல்லிவைத்திருந்த காகிதத்தில் வீரமலை கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்தார். மேலப்புதூரிலிருந்து ஸ்ரீரங்கம் பஸ் ஸ்டாண்டு வரை ஒட்டினார்கள். சகாயம்மாள் படம், கீழே வருந்துவோர் பெயர்கள், எல்லாவற்றுக்கும் முதலில், ‘பிரிஜித் அம்மையார், எதிர்க்கட்சி, அயர்லாந்து.’ வழியில் பாலக்கரையில் அற்புதசாமி ஒரு போஸ்டர் முன்னால் நின்றார். அந்தப் பெயர் இருந்த மூலையில் பசை பிடிக்காமல் காகிதம் காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. உள்ளங்கையால் அதை அழுத்தி, ஒட்டிக்கொள்ளும்வரை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.

ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை அயர்லாந்து பாராளுமன்றத்துக்குக் கோடை விடுமுறை.