தண்ணியாக்கிற குளிசை

பெரியம்மா சில்வர் சட்டியின் மூடியைத் திறந்ததும் குசினி முழுவதும் துருப்பிடித்த ஆணியின் மணம் பரவியது. ஆட்டு இரத்த வறை. கறுத்து உதிர்ந்து கிடந்த துணுக்குகளிடையே கைநிறைய முருங்கையிலையும் கலந்திருந்தது. எனக்கு அடிநாக்கில் எச்சில் ஊறிக் கசந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் இதை மடியில் வைத்துக்கொண்டுதான் தம்பலகாமத்திலிருந்து பஸ்ஸில் வருகிறார். பக்கத்தில் இருந்தவர்களை நினைத்துக்கொண்டேன்.

அம்மாவின் இதயத்தில் இருப்பது உலோக வால்வு. அதில் இரத்தம் கட்டிபடாமல் இருக்கக் குளிசை போடுகிறார். கிளினிக்கில் எல்லாரும் அதை இரத்தம் தண்ணியாக்கிற குளிசை என்றுதான் சொல்வார்கள். பெரியம்மா அந்தத் தண்ணியைப் பிடித்துக்கொண்டார்.

"தண்ணி இரத்தத்தோட மனுசர் என்னெண்டு எழும்பி நடக்கிறது? எடியே புஷ்பம், வா, சாப்பிடு" என்று அம்மாவைக் கூப்பிட்டார்.

"பெரியம்மா, இப்பிடித் திடீரெண்டு இலைவகை கூடினா குளிசை வேலை செய்யாதாம். போனமுறை சோதிச்சுப் பாத்திட்டு, இரத்தம் தடிச்சுப்போச்செண்டு கிளினிக்கில ஏசினவை."

"தடிச்சதோ? பாத்தியா, என்ர வறை வேலை செய்திருக்கு!" பெரியம்மாவின் முகம் மலர்ந்தது. "பின்னேர வகுப்பில நீ கணக்குத்தானே படிக்கிறாய் பிள்ளை, டொக்டருக்கோ?"

கூட்டவும் வேண்டாம், ஒரேயடியாய் விடவும் வேண்டாம், எப்போதும் ஒரே அளவு என்றுதான் தாதி சொன்னார். அல்லது அப்படித்தான் எனக்குக் கேட்டதா? என் காதையே நம்ப முடியவில்லை. வீடு அமைதியாகும்போது அம்மாவின் நெஞ்சுக்குள் மணிக்கூடு போல டிக், டிக் என்று கேட்கும். அந்தச் சத்தம் மங்கினால் அம்மாவை உடனே கொண்டுவரச் சொன்னது மட்டும் நிச்சயம்.

நான் தண்ணீர் எடுத்து வருவதற்குள் பெரியம்மா அம்மாவின் சாப்பாட்டுக் கோப்பையில் சோற்றின்மேல் வறையைக் குவித்துவிட்டார். அம்மா எதையோ மென்றபடி கை கழுவிக்கொண்டிருந்தார். வேறு வழி தெரியவில்லை. கோப்பையை இழுத்து நானே சாப்பிடத் தொடங்கினேன். மாவுபோல் கரைந்து, பிறகு மணலாக நறநறத்தது. ஒரு துணுக்கு கடைவாயில் அப்பியது. ஓங்காளித்ததை விழுங்கினேன். சட்டியையும் வழித்துத் தின்றேன்.

பெரியம்மா என் தலையைத் தடவினார். "பாவம், பிள்ளைக்கும் இரத்தம் காணாது. வாற கிழமை கூடக் கொண்டுவாறன்."

நான் அம்மாவின் பக்கம் சாய்ந்து அந்தச் சத்தத்தைத் தேடினேன். வெளியே முச்சக்கரவண்டி ஒன்று விடாமல் இரைந்துகொண்டிருந்தது.

"என்னடி பாக்கிறாய்?" என்று அம்மா சிரித்தார். முன்பல்லில் முருங்கையிலை ஒன்று ஒட்டியிருந்தது.